ஏழு நாள் இடைவெளியை எழுதியவர்

2024 நவம்பர் 10, ஞாயிற்றுக்கிழமை. முந்தைய நாள் இரவுதான் நடிகர் டெல்லி கணேஷ் காலமாகியிருந்தார். எந்தச் சேனலைத் திருப்பினாலும் அவர் முகம், அவர் குரல், அவர் நடித்த காட்சிகள். அந்தச் சந்தடிக்கு நடுவில் திரையின் அடியில் ஒரு வரி ஓடிப் போயிற்று: எழுத்தாளர் இந்திரா சௌந்தர்ராஜன் மதுரையில் காலமானார். 66ஆவது பிறந்தநாளுக்கு மூன்றே நாட்கள் இருந்தன. நடிகர் போனால் காட்டுவதற்கு ஆயிரம் காட்சிகள் இருக்கும். எழுத்தாளருக்கு ஒரு புகைப்படமும் இரண்டு தொடர்களின் பெயரும் போதும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

அப்பாவுக்குப் போன் செய்து சொன்னேன். "யார், கருப்பை எழுதியவரா?" என்றார். அப்புறம் சற்று நேரம் பேச்சில்லை. அப்பா ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர், கோயில் வாசலை மிதிக்காதவர். அப்பத்தாவோ வெள்ளிக்கிழமை தவறினால் கோயிலுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று நினைப்பவர். தாயும் மகனும் இந்த விஷயத்தில் ஒருவரை ஒருவர் என்றோ கைகழுவிவிட்டிருந்தார்கள்; அதைப் பற்றி வீட்டில் பேச்சே எழாது. இந்திரா சௌந்தர்ராஜனின் 'விடாது கருப்பு' தொலைக்காட்சித் தொடர் ஓடிய காலத்தில் மட்டும் அந்த உடன்பாடு முறிந்தது. வாரம் முழுக்க வழக்கு நடந்தது. ஊரில் குற்றம் செய்தவர்களை இரவில் குதிரையில் வந்து தண்டிப்பது சாமியா, மனிதனா?

ஒரு தொலைக்காட்சி எழுத்தாளர் எங்கள் வீட்டுக்குள் வந்து செய்த காரியம் அதுதான். அதை அவரால் எப்படிச் செய்ய முடிந்தது, பிறகு யாராலும் ஏன் செய்ய முடியவில்லை, ஏன் அவராலேயே முடியவில்லை என்பதற்குக் காரணங்கள் இருக்கின்றன. அவற்றில் பாதி அவருடைய திறமை. மீதிப் பாதி அந்தக் காலத்துத் தொலைக்காட்சி.

முதலில் அவருடைய பெயர். சிறுவயதில் நான் அது இரண்டு பேர் என்றே நினைத்திருந்தேன். இந்திரா என்று ஒரு அம்மா, சௌந்தர்ராஜன் என்று அவர் கணவர், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து எழுதுகிறார்கள் என்று. சுபா என்ற பெயரில் இரண்டு நண்பர்கள் எழுதிக்கொண்டிருந்த காலம் அது, ஆகவே என் சந்தேகம் அப்படியொன்றும் அபத்தமில்லை. ஆனால் இவர் ஒரே ஆள். 1958இல் சேலத்தில் பிறந்து மதுரைக்காரராகவே ஆகிப்போனவர். அன்றைய பஸ் நிலையப் பெட்டிக்கடைகளில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்களில் ராஜேஷ்குமார், பட்டுக்கோட்டை பிரபாகர், சுபா ஆகியோர் குற்றங்களைத் துப்பறிந்துகொண்டிருந்தார்கள். அதே கயிற்றில் இவருடைய புத்தகமும் தொங்கியது. அவர்கள் போலீஸ் நாயை அனுப்பிய இடத்துக்கு இவர் பைரவரின் நாயை அனுப்பினார். பாழடைந்த கோயில், சித்தர் விட்டுப்போன ஓலை, ஏழு தலைமுறைச் சாபம், இவற்றோடு நகரத்திலிருந்து வந்து எதையும் நம்ப மறுக்கும் ஒரு படித்த இளைஞன். இதுதான் அவருடைய சமையல். நூற்றுக்கணக்கான நாவல்களில் அதைத் திரும்பத் திரும்பச் செய்தார். எல்லாமே ருசித்தன என்று சொல்ல மாட்டேன்.

இனி தொலைக்காட்சி. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. அதன் பிறகு பல ஆண்டுகள் ஒரே சேனல்தான். வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை சினிமா, செவ்வாய்க்கிழமை நாடகம். நாடகம் அன்றைக்கே முடிந்துவிடும். அடுத்த செவ்வாய் வேறு கதை, வேறு ஆட்கள். தொடர் என்று வந்தபோது அது பெரும்பாலும் 13 வாரக் கணக்கில் வந்தது. கதை சூடு பிடிப்பதற்குள் மூட்டை கட்ட வேண்டியிருக்கும். 1993 ஏப்ரல் 14, தமிழ்ப் புத்தாண்டு அன்று சன் டிவி வந்த பிறகு நிலைமை மாறியது. தயாரிப்பாளர் ஒளிபரப்பு நேரத்துக்குப் பணம் கட்டி, விளம்பரத்தைத் தானே பிடித்து, பார்ப்பவர்கள் இருக்கும்வரை கதையை நடத்திக்கொண்டு போகலாம். எழுத்தாளனுக்கு இது வரம். சாபமும்கூட, ஆனால் அது தெரியவர இன்னும் சில ஆண்டுகள் ஆயின.

கே. பாலசந்தர் அந்த வாசலில் வந்து நின்றார். பெரிய சினிமா இயக்குநர்கள் சின்னத்திரையை வேலையில்லாதவர்கள் போகும் இடமாக நினைத்திருந்தபோது, 'ரயில் சிநேகம்' மூலம் தூர்தர்ஷனிலேயே அதைத் தொட்டுப் பார்த்தவர் அவர். அவருடைய மின்பிம்பங்கள் நிறுவனம்தான் 'மர்மதேசம்' என்ற பொதுத்தலைப்பில் வாரத்துக்கு ஒருமுறை வரும் மர்மத் தொடர்களைத் தயாரித்தது. 1990களின் நடுவில் முதலில் வந்தது 'ரகசியம்', அடுத்தது 'விடாது கருப்பு'. இரண்டையும் இயக்கியவர் நாகா. இரண்டுக்கும் மூலம் இந்திரா சௌந்தர்ராஜனின் நாவல்கள்: 'ரகசியமாக ஒரு ரகசியம்', 'விட்டுவிடு கருப்பா'. பிறகு அதே தலைப்பில் 'சொர்ண ரேகை', 'இயந்திரப் பறவை', 'எதுவும் நடக்கும்' என்று வந்தாலும், என் வயதுக்காரர்களிடம் மர்மதேசம் என்றால் முதல் இரண்டைப் பற்றித்தான் பேசுவார்கள்.

'ரகசியம்' ஒரு மலைக்கோயிலைச் சுற்றியது. இருட்டிய பின் அங்கே யாரும் இருக்கக்கூடாது. இருந்தால் பார்வை போய்விடும். காவலுக்கு நாய்கள். உள்ளே நவபாஷாண லிங்கம். இந்தப் பொருளை அவர் தேர்ந்தெடுத்ததில்தான் முதல் சாமர்த்தியம் இருக்கிறது. நவபாஷாணம் என்பது அவர் கற்பனை செய்தது இல்லை. பழனி மூலவர் போகர் செய்த நவபாஷாணச் சிலை என்று தமிழ்நாட்டில் குழந்தைக்கும் தெரியும். அதன்மேல் அபிஷேகம் செய்த பாலும் சந்தனமும் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையும் தெரியும். ஆனால் பாஷாணம் என்றால் நஞ்சு என்பதை யாரும் நிதானித்து யோசிப்பதில்லை. சித்த மருத்துவத்தில் பாஷாணங்கள் 64 என்று கணக்கு. இயற்கையாகக் கிடைப்பவை 32, செய்து எடுப்பவை 32. வெள்ளைப் பாஷாணம், தாளகம், மனோசிலை எல்லாம் ஆர்சனிக் சேர்ந்தவை. வீரமும் பூரமும் பாதரசச் சரக்குகள். அந்த வரிசையில் லிங்கம் என்றே ஒரு சரக்கு உண்டு, அதுவும் பாதரசம்தான். அளவோடு கொடுத்தால் மருந்து, கை தவறினால் எமன் என்று வைத்தியர்களே சொல்லும் பொருள்களில் ஒன்பதைக் கட்டிக் கடவுளாக்கி மலைமேல் வைத்தால், அதற்குப் பக்தனும் வருவான், நோயாளியும் வருவான், திருடனும் வருவான், ஆராய்ச்சிக்காரனும் வருவான். கதைக்கு வேண்டிய எல்லாரும் ஒரே மலையில் ஏறியாகிவிட்டது. பார்வை போவதற்குத் தெய்வக் குற்றம் என்றும் காரணம் சொல்லலாம், வேறு விதமாகவும் சொல்லலாம். இரண்டு காரணங்களும் அந்தப் பொருளுக்குள்ளேயே இருக்கின்றன. எழுத்தாளர் வெளியிலிருந்து எதையும் கொண்டுவர வேண்டியதில்லை.

'விடாது கருப்பு' இன்னும் ஒருபடி மேலே. சித்தரும் நவபாஷாணமும் கேள்விப்பட்ட விஷயங்கள். கருப்பு அப்படியில்லை, ஊர் எல்லையில் இருப்பவர். மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பருக்குச் சிலை கிடையாது. கோபுர வாசலின் சாத்திய கதவுகள்தான் சாமி. அந்தக் கதவுகளுக்குச் சந்தனம் சாத்திக் கும்பிடுவார்கள். கடன், நிலம், களவு என்று வழக்கு வந்தால், "பதினெட்டாம்படியில் வந்து சத்தியம் செய்வாயா?" என்று கேட்பார்கள். பொய் சொன்னவன் அங்கே வரப் பயப்படுவான். வக்கீல் இல்லாத, மேல்முறையீடு இல்லாத நீதிமன்றம் அது. எங்கள் பக்கம் அய்யனார் கோயிலில் புரவி எடுப்பு என்று நடக்கும். வேளார் சுட்டுத்தரும் மண் குதிரைகளை ஊர்வலமாகத் தூக்கிவந்து வரிசையாக நிறுத்துவார்கள். மழையிலும் வெயிலிலும் சாயம் போய், காது உடைந்து, சில குதிரைகளின் வயிற்றில் ஓட்டை விழுந்து அதற்குள் ஓணான் குடியிருக்கும். பகலில் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். இரவில் காவல் தெய்வம் அதன்மேல் ஏறி ஊரைச் சுற்றிவரும் என்பார்கள்.

தோட்டக்காரமங்கலம் என்ற கதையூரில் அந்தக் குதிரைக்கு உயிர் வந்தது. தப்புச் செய்தவன் தண்டிக்கப்படுகிறான். குளம்பொலி கேட்கிறது, உருவம் தெரிகிறது, முகம் தெரியவில்லை. ஊர், கருப்பு என்கிறது. நகரத்திலிருந்து வந்த மருத்துவர் ரீனாவுக்கு அந்தப் பதில் போதவில்லை. மனித மனம், பிளவுபட்ட ஆளுமை, ஒரே உடம்பில் இரண்டு பேர் என்று இன்னொரு பக்கமாகக் கதை இறங்கத் தொடங்குகிறது. ரீனாவாக தேவதர்ஷினி, ராஜேந்திரனாக சேத்தன். இருவரும் பின்னால் நிஜ வாழ்க்கையிலும் திருமணம் செய்துகொண்டார்கள். முடிவு என்ன என்பதை இங்கே எழுதப்போவதில்லை. கால் நூற்றாண்டு தாண்டிவிட்டது என்றாலும், இன்னும் பார்க்காத ஒருவர் இதைப் படிக்கக்கூடும். அவருடைய வாரத்தை நான் கெடுக்க வேண்டாம்.

வாரம் என்று தெரிந்துதான் சொல்கிறேன். எங்கள் தெருவில் கேபிள் இணைப்பு அப்போது இரண்டு வீடுகளில். எங்களுடையது அதில் ஒன்றில்லை. எதிர்வீட்டுத் திண்ணையைத் தாண்டி உள்ளே போனால் ஒரு போர்ட்டபிள் கறுப்புவெள்ளைப் பெட்டி. அதன் முன்னால் பதினைந்து பேர். தொடர் அரை மணி நேரம். விளம்பரங்கள் போகக் கதைக்குக் கிடைப்பது இருபது இருபத்திரண்டு நிமிடம். 'தொடரும்' என்ற எழுத்து விழுந்ததும் எதிர்வீட்டு அத்தை விளக்கைப் போடுவார். வெளிச்சத்தில் எல்லார் முகமும் சற்று அசட்டுத்தனமாக இருக்கும். அதன் பிறகு நான் தெருவைக் கடந்து வீட்டுக்குப் போக வேண்டும். இருபது அடித் தெரு. அப்பா கையைப் பிடித்துக்கொள்வேன். அப்பா சீட்டியடித்துக்கொண்டே வருவார். எனக்குத் தைரியம் சொல்லத்தான் அடிக்கிறார் என்று அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலை வழக்கு தொடங்கும். அப்பாவின் கட்சி: "சாமிக்கு எதற்குக் குதிரை? மண் குதிரை நடந்தால் உடைந்துதான் போகும், டக்டக்கென்று சத்தமா வரும்? ஆகவே அது நிஜக் குதிரை. நிஜக் குதிரை என்றால் ஓட்டுகிறவனும் நிஜ ஆள்." அப்பத்தா புளி கரைத்துக்கொண்டே கேட்பார். அவசரமே படமாட்டார். "சரி, நிஜக் குதிரை என்றே வைத்துக்கொள். பகலில் அதை எங்கே கட்டிப்போடுகிறான்? அவ்வளவு சின்ன ஊரில் குதிரைக்குக் கொள்ளு வாங்குகிறவன் யாரென்று கடைக்காரனுக்குத் தெரியாதா?" அப்பாவிடம் பதில் இருக்காது. பள்ளிக்கூடம் போய்விட்டு மாலையில் ஒரு பதிலோடு வருவார். அதற்குள் அப்பத்தாவிடம் அடுத்த கேள்வி தயாராக இருக்கும். ஒரு வாரம் கடைசி ஐந்து நிமிடத்தில் கரண்ட் போய்விட்டது. தெருவே 'ஐயோ' என்று ஒரே குரலில் கத்தியது இன்னும் காதில் இருக்கிறது. அந்த வாரம், பார்க்காத ஐந்து நிமிடத்தை வைத்தே இருவரும் ஏழு நாள் வாதாடினார்கள்.

இந்திரா சௌந்தர்ராஜனின் எழுத்துமுறையை அந்தத் தெருவில் வைத்துத்தான் புரிந்துகொள்ள முடியும். அவர் ஒவ்வொரு மர்மத்துக்கும் இரண்டு விடைகளை வளர்த்தார், இரண்டுக்கும் சமமாகத் தீனி போட்டார். ஒரு வாரம் கருப்பு கட்சிக்கு ஒரு சாட்சி கிடைக்கும். அடுத்த வாரம் அதே சாட்சியின்மேல் ரீனா ஒரு கேள்வி கேட்பார். நம்புகிறவரை முட்டாளாக்கவில்லை, நம்பாதவரை வில்லனாக்கவில்லை. பேய்க்கதைகளில் வழக்கமாக என்ன நடக்கும்? நம்பாதவன் கடைசியில் விழுந்து கும்பிடுவான், அல்லது பேய் வேஷத்தைக் கலைத்தால் உள்ளே கணக்குப்பிள்ளை இருப்பான். இரண்டிலும் பாதிப் பார்வையாளர்கள் தோற்றுப்போய் எழுந்து போவார்கள். இவருடைய கதையில் அப்பத்தாவும் தோற்கவில்லை, அப்பாவும் தோற்கவில்லை. அடுத்த வாரம் இருவருமே வந்து உட்கார்ந்தார்கள்.

இதற்கு ஏழு நாள் இடைவெளி தேவைப்பட்டது. பத்திரிகையில் தொடர்கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தை கைவந்தது. வார இதழ் வாசகன் ஒரு வாரம் காத்திருப்பான், காத்திருக்கும்போது தானே பாதிக் கதையை எழுதிவிடுவான், அவன் எழுதியதை நாம் அடுத்த வாரம் கவிழ்க்க வேண்டும். இவர் அந்தப் பள்ளியில் படித்தவர். அந்த வித்தையைப் பத்திரிகையிலிருந்து திரைக்குக் கொண்டுபோகும்போது ஒரு சிக்கல் உண்டு. நாவலில் 'அவன் நெஞ்சு திக்கென்றது' என்று எழுதிவிட்டு நகரலாம். திரையில் அதை யாராவது காட்ட வேண்டும், அல்லது சொல்ல வேண்டும். நாவலில் ஒரு பத்தியில் போகும் ஸ்தல புராணத்தைத் திரையில் பூசாரி சொன்னால் அது பிரசங்கம். இவர் கண்ட வழி, ஊரைப் பேசவிடுவது. டீக்கடை, வாய்க்கால் கரை, கோயில் மண்டபம். தகவல் எல்லாம் வம்பாக வரும், வம்பு என்பதால் பாதி பொய்யாக இருக்கலாம், பொய்யாக இருக்கலாம் என்பதால் பார்ப்பவன் எடைபோட்டுக்கொண்டே கேட்பான். அதோடு பட்ஜெட்டும் கைகொடுத்தது என்றுதான் நினைக்கிறேன். காட்ட வசதியில்லாததை மறைத்து வைக்கலாம். மறைத்து வைத்ததுதான் எங்களைப் பயமுறுத்தியது. முகம் தெரியாத ஒரு குதிரைக்காரனுக்குச் செலவு குறைவு.

அப்புறம் மெகா தொடர்கள் வந்தன. ராதிகாவின் 'சித்தி' 1999 டிசம்பர் முதல் 2001 நவம்பர் வரை திங்கள் முதல் வெள்ளிவரை இரவு ஒன்பதரை மணிக்கு ஓடியது. தமிழ்நாட்டின் இரவுச் சாப்பாட்டு நேரமே மாறியது என்றால் மிகையில்லை. ஒரு வாரத் தொடர் இரண்டு ஆண்டு ஓடினால் நூறு பகுதி. தினத்தொடர் அதே காலத்தில் ஐந்நூறைத் தொடும். ஐந்நூறு பகுதிக்கு மர்மம் எங்கே கிடைக்கும்? கண்ணீர் கிடைக்கும், அது வற்றாது. தினமும் ஒரு 'தொடரும்' போட வேண்டுமென்றால் கதவு திறக்கும் சத்தத்துக்கே மூன்று முறை முகத்தை வெட்டி வெட்டிக் காட்ட வேண்டியிருக்கும். நேற்று விட்ட இடம் இன்றைக்கே தெரிந்துவிடும் என்றால் அப்பத்தா எப்போது வழக்கைத் தயாரிப்பார்?

அவரும் தினத்தொடருக்குப் போனார், போகாமல் இருக்க முடியாது. 'கிருஷ்ணதாசி' அதில் நல்ல முயற்சி. தேவதாசி மரபில் வந்த குடும்பத்துப் பெண்களின் கதை; ஜெமினி கணேசன் நடித்தார். 2016இல் கலர்ஸ் சேனலில் இந்திக்குப் போன அளவுக்கு அந்தக் கதைக்கு உயிர் இருந்தது. 'ருத்ர வீணை', 'சிவமயம்' ஆகியவற்றுக்கும் ரசிகர்கள் உண்டு. ஆனால் எனக்கு ஒரு மனக்குறை இருந்துகொண்டே இருந்தது. போகப்போக இரண்டாவது விடை மெலிந்துகொண்டே வந்தது. அறிவியல் பேசுகிற பாத்திரம் தோற்பதற்காக மட்டுமே வந்து போவது போலாயிற்று. சித்தர் சொன்னால் சரி, ஓலையில் இருந்தால் உண்மை. பின்னாளில் அவர் மேடைகளில் ஆன்மிகச் சொற்பொழிவாளராகவும் அறியப்பட்டார். அது அவருடைய நம்பிக்கை, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் சொற்பொழிவாளர் விடை தெரிந்து பேசுகிறவர். கருப்பை எழுதியவர் விடையைக் கையில் மூடி வைத்துக்கொண்டு நம்மைப் பேசவிட்டவர். நவபாஷாணத்தைக் கதையில் வைத்தபோது அதன் நஞ்சையும் சேர்த்து வைத்த அந்தப் பழைய கை, அடுத்தடுத்த கதைகளில் மருந்தை மட்டும் எடுத்து வைத்தது. நஞ்சில்லாத மருந்தில் கதை குறைவு.

சினிமாவில் அவர் பங்கு சிறியது. 'சிருங்காரம்' படத்துக்கு வசனம் எழுதினார். 2010இல் நாகாவும் அவரும் மறுபடி சேர்ந்து 'அனந்தபுரத்து வீடு' கொடுத்தார்கள். இரண்டரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடுகிற வடிவம் அவருக்கு அளவாகத் தைத்த சட்டை இல்லை என்றுதான் எனக்குப் பட்டது.

போன கோடை விடுமுறையில் என் மகளுக்கு 'விடாது கருப்பு' காட்டினேன். பாலசந்தரின் கவிதாலயா நிறுவனம் யூடியூபில் ஏற்றி வைத்திருக்கிறது. பிரதி மங்கல், ஒலியில் இரைச்சல். அவளுக்குப் பதினோரு வயது. முதல் பத்து நிமிடம் நடிகர்களின் தலைமுடியையும் சட்டைக் காலரையும் பார்த்துச் சிரித்தாள். பிறகு மெதுவாகப் போகிறது என்று சொல்லி, வேகத்தை ஒன்றரை மடங்காக்கினாள். குளம்பொலி ஒன்றரை மடங்கு வேகத்தில் தையல் மிஷின் சத்தம் போல் கேட்டது. எனக்கு வயிற்றெரிச்சல். ஆனால் இரண்டாவது பகுதியின் நடுவில் அவளே வேகத்தைப் பழையபடி வைத்தாள். மூன்றாவது முடிந்ததும் நான்காவதை அழுத்தக் கை நீட்டினாள். லேப்டாப்பை மூடிவிட்டேன். அடுத்தது அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் என்றேன். அப்பட்டமான கொடுமை என்று அவள் அம்மாவிடம் போய்ப் புகார் செய்தாள். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் மாலை அவள் போனில் பேசிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. ஒலிபெருக்கியில் போட்டிருந்தாள். "தாத்தா, அது சாமியே இல்லை. வேஷம் போட்ட ஆள். நான் கண்டுபிடித்துவிட்டேன்."

மறுமுனையில் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். வாழ்நாள் முழுக்க எந்தக் கட்சிக்காக அவர் வாதாடினாரோ, அதைத்தான் பேத்தி சொல்லிக்கொண்டிருந்தாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்துபோகும்.

"வேஷம் என்றே வைத்துக்கொள்," என்றார் அப்பா, அவசரமே படாமல். "பகலில் அந்தக் குதிரைக்குக் கொள்ளு வாங்கிப் போடுவது யார்?"